கையெழுத்துப் போட அஞ்சாத உத்தியோகத்தர்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசாங்கக் கந்தோர்களில் ஏன் வேலை நடப்பதில்லை என்று இன்று யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அங்கே இருப்பவர்களை எவராலும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால்தான் என்பார்கள். 2022 இல் திறைசேரி வெறுமையானதிலிருந்து இந்தப் பேச்சு வலுத்துவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது, ஆண்டு முடிவில் 60 ஆகக் குறைக்கப்பட்டது. விரும்பியவர்கள் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. படையினரைச் சேர்க்காமலே 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 11 இலட்சத்தைத் தாண்டியிருந்த சேவை இது. ஆட்தொகையைக் குறைக்க வேண்டுமா என்பதைப் பொருளியல் அறிந்தவர்கள் பேசட்டும். வேலைப் பாதுகாப்புத்தான் சோம்பலை வளர்த்தது என்ற கூற்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கொழும்புத் தமிழரின் உத்தியோக வரலாறு அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. நம்முடைய அரச சேவையைக் கெடுத்தது பயம். அந்தப் பயம் எப்படி வந்தது, யார் அதைச் சட்டமாக்கினார்கள், அது இன்று எங்கே குந்தியிருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மாலையில் பேசப் போகிறேன்.

வெள்ளவத்தையில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. இந்த ஊரில் தமிழர் வேரூன்றியதே பெருமளவுக்கு உத்தியோகத்தால்தான். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்து, எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி, தகரப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கினார்கள். இங்கும் பம்பலப்பிட்டியிலும் ஒழுங்கைகளில் சிலராகச் சேர்ந்து வீடெடுத்து, சமைக்க ஒருவரை வைத்துக்கொண்டு, சமறி வாழ்க்கை நடத்தினார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு மணியோடராக ஊருக்குப் போகும். தங்கையின் சீதனத்துக்குச் சீட்டுக் கட்டுவார்கள். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது அவர்களுக்கு ஊர் இன்னும் கிட்ட வந்தது. மழையை நம்பித் தோட்டம் செய்த மண்ணில், மாதக் கடைசியில் தவறாமல் வரும் சம்பளமும் முதுமையில் வரும் பென்சனும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இன்றைய பிள்ளைகள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆசையை அடிமைப் புத்தி என்று பழித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் நாளைக்கு என்ன செய்வது என்று கலங்காமல் இருக்க விரும்புவது மிகவும் நியாயமான விருப்பம்.

ஆனால் அந்த உத்தியோகம் சட்டத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தது? சோல்பரி அரசியலமைப்பின் 57 ஆம் பிரிவு, முடியின் கீழ்ப் பதவி வகிக்கும் ஒவ்வொருவரும் முடியின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருக்கலாம் என்றது. உறுதியைத் தந்தது வழமையும் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையும், இவற்றுக்கு மேலாகச் சங்கங்களின் பலமும்தான். அந்தப் பலம் இலகுவில் வந்ததல்ல. 1947 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கம் முன்னணியில் நின்றது. அரச ஊழியருக்கு முழுத் தொழிற்சங்க உரிமை வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. ஜூன் 5 ஆம் திகதி தெமட்டகொடைப் பக்கமாக வந்த ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டது. கந்தசாமி என்ற எழுதுவினைஞர் செத்து விழுந்தார். சங்கத் தலைவர் டி. பி. இலங்கரத்ன வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுவருடம் கண்டித் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். உயிரை இழந்தவர் தமிழர், வேலையை இழந்தவர் சிங்களவர். இருவரும் கேட்டது ஒரே உரிமையை. அந்த ஒற்றுமை ஒன்பதே ஆண்டில் உடைக்கப்பட்டது.

சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதை நாம் எப்போதும் மொழியுரிமைப் பிரச்சினையாகவே பேசுகிறோம். அது ஒரு தொழிலுரிமைப் பிரச்சினையாகவும் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அதை மறக்காத ஒருவர் இருந்தார். அவர் பெயர் செல்லையா கோடீஸ்வரன்.

கோடீஸ்வரன் எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர், சிங்களம் மட்டும் சட்டம் வருவதற்கு முன்பே நியமனம் பெற்றவர். அவர் சேவையில் சேர்ந்தபோது சிங்களம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் குறித்த காலத்துக்குள் சித்தியடையாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றது. கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவருடைய சம்பள ஏற்றம் நின்றது. பலர் அன்று மனம் நொந்து பரீட்சை எழுதினார்கள். பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்கள். சிலர் இலண்டனுக்கும் ஆபிரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் எவரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எடுத்த முடிவுகள் அவை. கோடீஸ்வரன் வேறு வழியில் போனார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்தார்.

அந்த வழக்கின் துணிவை நினைத்துப் பாருங்கள். பதவியில் இருந்துகொண்டே, காலையில் கந்தோருக்குப் போய்க் கையொப்பமிட்டுக்கொண்டே, சம்பளம் தருகிற அரசாங்கத்தை அவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார். அவர் முன்வைத்த வாதமும் எளிமையானது. அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது. ஆகவே மொழிச் சட்டம் செல்லாது. சட்டம் செல்லாவிட்டால் சுற்றறிக்கையும் செல்லாது. 1964 இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தார். நாட்டையே புரட்டிப்போட்ட ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல ஒரு மாவட்ட நீதிபதிக்கு இருந்த நெஞ்சுரத்தையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடவே இல்லை. அரச ஊழியர் தமது சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இதன் பொருள் எவ்வளவு பாரதூரமானது! உத்தியோகத்தரின் சம்பளமே அரசாங்கத்தின் தயவு, அதை நிறுத்தினால் கேட்பதற்கு இடமில்லை என்றாகிவிட்டது. கோடீஸ்வரன் இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) போனார். 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு உயர் நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. செய்த வேலைக்கான சம்பளத்தைக் கேட்டு அரச ஊழியர் வழக்குத் தொடரலாம் என்று நிலைநாட்டியது. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற கேள்வியை மீண்டும் உயர் நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்வி இன்றுவரை விசாரிக்கப்படவில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடுகள் ஒழிக்கப்பட்டன. 1972 மே 22 இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவு இல்லை.

இருந்தாலும் கோடீஸ்வரன் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் உரிமை, தயவு அல்ல என்று அவர் பெற்ற தீர்ப்பு, அவருக்கு எதிரே நின்ற சிங்கள உத்தியோகத்தருக்கும் பயன்பட்ட தீர்ப்பு. அரச ஊழியரின் உரிமைக்காக இந்தத் தீவில் நடந்த வழக்குகளில் இதற்கு ஈடானதை நான் அறியேன். நம் பிள்ளைகளின் பாடநூலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

1972 அரசியலமைப்பு இன்னொன்றையும் செய்தது. நியமனம், இடமாற்றம், பதவி நீக்கம் எல்லாவற்றையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. அந்த முடிவுகளை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக்கூடாது என்று எழுதியும் வைத்தது. தமிழரின் வேலைப் பாதுகாப்பு தகர்ந்தபோது மௌனமாக இருந்தவர்கள், இப்போது எல்லோருடைய பாதுகாப்பும் போயிற்று என்பதைக் கண்டிருக்க வேண்டும். 1977 க்குப் பிறகு தொழில் வங்கி என்று ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள். அவர் கொடுத்தவருக்கே வேலை. பரீட்சை எழுதி உள்ளே வந்தவருக்குப் பக்கத்தில், எம்.பி.யின் துண்டோடு வந்தவர் வந்து உட்கார்ந்தார். எம்.பி.யால் வந்தவர் எம்.பி.க்கே கடமைப்பட்டவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

1980 ஜூலையில் நடந்ததைக் கொழும்பில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விலைவாசி ஏறிய காலம். 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் போராடின. ஜூன் 5 ஆம் திகதி, கந்தசாமி இறந்து சரியாக 33 ஆண்டுகளின் பின், மறியலில் நின்ற தொழிற்சங்கவாதி டி. சோமபால ஆளும் கட்சிக் குண்டர்களால் கொல்லப்பட்டார். ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் அவசரகால விதிகளின் கீழ் அத்தியாவசிய சேவைகளை அறிவித்து, கடமைக்குத் திரும்பாதவர்கள் தாமாகவே பதவியை வெறிதாக்கியவர்களாகக் கருதப்படுவர் என்றது. ஏறத்தாழ 40,000 பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. நேற்றுவரை கந்தோரில் பைல் பார்த்தவர்கள் நடைபாதையில் சாமான் விற்றார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, ஆட்சிகள் மாறிய பிறகே, எஞ்சியவர்களுக்குச் சிறிது நிவாரணம் கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் இப்படி நடந்ததை நீங்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் எஸ்மா எனப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதவி நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அரச ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்தச் சட்ட விளக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் அங்கே வழக்கு சில வாரங்களில் விசாரிக்கப்பட்டது, பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். இங்கே நாற்பதாயிரம் குடும்பங்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

அதன் பின்னர் 1983. தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்த அந்த ஜூலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஆகஸ்ட்டில் வந்த ஆறாவது திருத்தத்தின்படி, பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று அரச உத்தியோகத்தரும் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். எரிந்த வீட்டிலிருந்து அகதி முகாமுக்குப் போய் வந்தவர், கந்தோருக்குத் திரும்பியதும் தமது விசுவாசத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி, கந்தோருக்குள்ளே வருவோம்.

ஒரு பிரதேச செயலகத்துக்கு நீங்கள் ஒரு கடிதத்தோடு போகிறீர்கள். விடயத்துக்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர். உங்கள் கோரிக்கை நியாயம் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும், "மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம், அடுத்த கிழமை வாங்கோ" என்கிறார். ஏன்? அவர் கையெழுத்துப் போட்டால், நாளை கணக்காய்வு வினா வரும். 2018 ஆம் ஆண்டுத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் கீழ், இழப்பு ஏற்பட்டால் மிகைக் கட்டணம் அவருடைய பையிலிருந்தே போகலாம். அரசியல்வாதி ஒருவருக்குப் பிடிக்காமல் போனால் தூர இடத்துக்கு இடமாற்றம் வரும். கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு ஒன்றுமே நடக்காது. இந்த நிலையில் வைக்கப்பட்ட எந்த மனிதரும் பைலைத் தள்ளித்தான் வைப்பார். நானும் அரச சேவையில் இருந்தவன். அந்தத் தயக்கத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை.

அப்படியானால் உண்மையிலேயே சோம்பேறிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லை என்பது பொய். தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி முழுவதும் ஒழுக்காற்று விதிகள்தான். குற்றப்பத்திரிகை, முறையான விசாரணை, சம்பள ஏற்றம் நிறுத்தல், பதவி இறக்கம், பதவி நீக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. மேலதிகாரி அவற்றை ஏன் எடுப்பதில்லை? அந்தச் சோம்பேறிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் பயம். ஆகவே சோம்பலும் கடைசியில் அந்தப் பயத்திடமே வந்து முடிகிறது. நேர்மையான மேலதிகாரிக்கு வேலை உறுதி இருந்தால்தான் நேர்மையற்ற ஊழியரை அவர் கேள்வி கேட்க முடியும்.

பாதுகாப்பைக் குறைத்தால் வேலை நடக்கும் என்பவர்கள் ஒருமுறை கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கும் கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கங்களிலும் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கொழும்பு மாநகரசபையின் துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. மலசல வாளி சுமந்த காலத்திலிருந்து இந்த நகரத்தைச் சுத்தமாக வைத்தவர்கள் அவர்கள். மிகக் கீழ்நிலை வேலை என்றாலும், மாநகரசபை நிரந்தர ஊழியர் என்பதால் ஓய்வூதியம் இருந்தது, குடியிருக்க ஓர் அறை இருந்தது. பின்னர் நகரத்தின் பெரும்பகுதியில் அந்த வேலை தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதே தெரு, அதே துடைப்பம், இப்போது நாட்கூலி. அரச நிறுவனங்களின் காவலாளிகள், துப்புரவாளர்கள், தொலைபேசிக் கம்பி இழுப்பவர்கள் எனப் பலரும் இன்று ஆள்வழங்கும் மேன்பவர் கம்பனிகளின் ஆட்கள். பத்து ஆண்டு ஒரே இடத்தில் வேலை செய்தும் அந்த இடத்தின் ஊழியராக எண்ணப்படாதவர்கள் இவர்கள். பாதுகாப்புப் போனதால் தெரு முன்னிலும் சுத்தமானதா? வேலை செய்கிறவரின் பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டதுதான் மிச்சம்.

சட்டத்தில் மீண்டும் ஏதோ கட்டியெழுப்பப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசாங்க சேவை ஆணைக்குழுவை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவித்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அந்தச் சுதந்திரத்தைப் பறித்தது, 2015 இல் 19 ஆவது கொடுத்தது, 2020 இல் 20 ஆவது மறுபடி பறித்தது, 2022 இல் 21 ஆவது மறுபடி கொடுத்தது. இருபத்தோர் ஆண்டுக்குள் இத்தனை முறை அத்திவாரத்தைத் தோண்டினால் அதன் மேல் எந்த உத்தியோகத்தர் நம்பிக்கையோடு நிற்பார்? எனினும் இன்று சில கதவுகள் திறந்திருக்கின்றன. ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக, 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்குப் போகலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். பொலிஸ் அதிகாரி ஒருவர் உரிமை மீறினார் என்று 1983 இல் அதே நீதிமன்றம் கண்டபோது, அரசாங்கம் நட்டஈட்டைத் தானே கட்டி அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. அந்தக் காலம் முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வழக்கை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் காலம் கடத்தித் தோற்றவர்கள் நிறையப் பேர்.

மொழியிலும் நிலைமை மாறியிருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் சேவையில் சேரும் ஒவ்வொருவரும், ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரனிடம் கேட்கப்பட்டது இப்போது இரு பக்கத்திலும் கேட்கப்படுகிறது. இது நியாயமான ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். ஆனால் தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுத ஆள் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் உண்டு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழும் வருகின்றன. இத்தனை தமிழர் வாழும் இந்தப் பிரிவுகளின் மேசைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் போதுமா? நம் பிள்ளைகள் அரச சேவை வேண்டாம், சம்பளம் குறைவு என்று கனடாவையும் தனியார் வங்கியையும் பார்க்கிறார்கள். 1956 இல் நாம் வெளியே தள்ளப்பட்டோம். இன்று நாமே உள்ளே போக மறுக்கிறோம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரச வர்த்தமானி வெளிவருகிறது. வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில் இருக்கும். பெற்றோரே, அதை வாங்கி அல்லது இறக்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிள்ளைகளே, விண்ணப்பியுங்கள், எழுதுங்கள், சிங்களத்தையும் படியுங்கள். உள்ளே போனதும் ஒரு சங்கத்தில் சேருங்கள். சிங்களத் தோழர் இருக்கும் சங்கத்தில் சேருங்கள். தாபன விதிக்கோவையை வாங்கி வாசியுங்கள். நியாயமானதற்குக் கையெழுத்துப் போடுங்கள். நியாயமற்ற உத்தரவை யாராவது வாயால் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மறுப்பையும் பைலில் திகதியோடு எழுதிவையுங்கள்.